துண்டாடப்பட்ட காடும் துணையிழந்த பனைகளும்



மலேசியத் தமிழருள் எழுபது வயதைக் கடந்த எவரிடமேனும் 'துண்டாடல்' என்னும் சொல்லைக் கூறிப் பாருங்கள். அவர் முகம் சற்றே மாறும். 1950ஆம் ஆண்டுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் இரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டுப் பலருக்கு விற்றனர். தோட்டத்தின் மொத்த ஏக்கர் குறையவில்லை. பால்மரங்களும் நின்ற இடத்திலேயே நின்றன. ஆனால் ஒரு பெருந்தோட்டத்தைச் சார்ந்திருந்த லயன்களும் மருந்தகமும் ஆயாக்கொட்டகையும் பள்ளிக்கூடமும் கூறுகளுக்கு நடுவே ஆதரவற்றுப் போயின. வேலை இழந்தோர் பலர். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். இவையெல்லாம் நம் பெரியோர் அறிந்த வரலாறு.

இன்று நான் எழுத எண்ணியது வேறொரு துண்டாடலைப் பற்றி. அது காட்டுக்கு நேர்ந்தது. எனினும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தப் போகிறேன். நம்மவர் பட்டறிவால் பொருள் உணர்ந்த சொல் அது.

இதற்கு வித்திட்டது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரை. 'எனது ஊர்' என்பது தலைப்பு. காஹாங்கைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தான். இடையில் ஒரு வாக்கியம்: "எங்கள் ஊரில் காடு அழியவில்லை, ஏனெனில் எங்குப் பார்த்தாலும் பனை மரங்கள் நிறைந்துள்ளன." சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். பிறகு, எதைப் பிழை என்று எழுதுவது எனத் தெரியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். செம்பனையும் பனைக் குடும்பத்தைச் சார்ந்ததுதான். காட்டிலும் பனைகள் உண்டு. அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டுமெனில் நானே முதலில் படித்தறிய வேண்டியிருந்தது.

தாவரவியலார் பனைக் குடும்பம் என்று வகுப்பதில் தென்னை, கமுகு, ஈச்சை, கூந்தற்பனை, நாம் தாயகத்தில் விட்டுவந்த கரும்பனை ஆகிய யாவும் அடங்கும். பிரம்பும் அடங்கும் என்பதை அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. அக்காலத்து ஆசிரியர் மேசைமீது கிடந்த ரோத்தான் ஒரு பனையின் தண்டு! அதை ருசித்த தலைமுறையினர் எத்தனை பேர் இதனை அறிந்திருப்பார்களோ, தெரியவில்லை. மலாயாத் தீபகற்பத்தின் காடுகளில் பிரம்பில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கியூ தாவரவியல் பூங்காவின் ஜான் டிரான்ஸ்ஃபீல்டு 1979இல் இவற்றுக்கென ஒரு கையேடே வெளியிட்டார்.

காஹாங் குளுவாங் மாவட்டத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. 1892இல் லேக், கெல்சால் என்னும் ஆங்கிலேயர் இருவர் கிழக்குக் கரையின் எண்டாவ் ஆற்று முகத்தில் படகேறி, செம்புரோங் ஆற்று வழியாக மேற்குக் கரையின் பத்து பகாட்டை அடைந்தனர். அப்பயணக் குறிப்பு 1894இல் அச்சேறியது. இவ்வட்டாரத்தில் வாழும் ஜக்குன் பூர்வகுடியினர் கற்பூர மரம் தேடிக் காட்டுக்குள் செல்லும்போது மட்டும் பேசிய தனிமொழியையும் அவர்கள் பதிவு செய்தனர். காட்டில் பொருள் எடுக்கச் செல்வோர் காட்டுக்குரிய மொழியில்தான் பேச வேண்டும் என்பது அக்குடியினரின் நெறி. அன்று ஜொகூரின் உள்நாட்டில் ஆறே சாலை. ஆற்றோரத்தில் மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனர் குடியிருப்புகள் ஆங்காங்கே இருந்தன. உட்பகுதியோ பெரும்பாலும் ஒரே தொடர்காடு.

1909இல் ஜொகூர் இரயில் பாதை முடிந்தது. இரப்பர் வந்தது. தொடர்ந்து நம்மவர் வந்தனர். இப்பகுதியை எழுதுகையில் என் கை சற்றுத் தயங்குகிறது. காட்டைத் துண்டாடிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. ஆணையிட்டவர் வேறு, ஆதாயம் பெற்றவர் வேறு; கோடரி பிடித்தவரும் மலேரியாக் காய்ச்சலில் மாண்டவரும் பலரும் தமிழர். நம் வரலாற்று நூல்கள் 'காடாய்க் கிடந்த நாட்டைக் கழனியாக்கினோம்' என்று பெருமிதத்தோடு கூறும். பெருமிதம் நியாயமானதே. ஆயினும் அங்குக் கிடந்தது என்ன என்று நாம் கேட்டதில்லை.

செம்பனையின் வரவு தனிக்கதை. மேற்கு ஆப்பிரிக்காவுக்குரிய இம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. அழகு மரமாகவே அவை கருதப்பட்டன. தென்கிழக்காசியத் தோட்டங்களின் தொடக்கக்கால மரங்கள் பெரும்பாலும் அந்நான்கின் வழித்தோன்றல்களே. மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் ஏற்பட்டது. அதை உருவாக்கிய ஆன்றி போக்கொன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய புதினத்திற்காக 1930இல் கொன்கூர் பரிசு பெற்றார் என்பது இலக்கிய ஆர்வலர்க்கு ஒரு செய்தி. விடுதலைக்குப் பின் கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமாகிய பெல்டா, 1961இல் ஜொகூரின் கூலாய் அருகே தாயிப் அண்டாக் திட்டத்தில் முதன்முதலாகச் செம்பனை நட்டது. 1970ஆம் ஆண்டுகளில் தென்கிழக்கு ஜொகூரில் பெரும் நிலப்பரப்புகள் திறக்கப்பட்டன. காஹாங்கைச் சுற்றியும் பெல்டா திட்டங்கள் எழுந்தன. இரப்பர் தோட்டங்களிலும் பால்மரம் சாய்ந்து செம்பனை நின்றது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் மையமே அதுதான் எனலாம். நடந்த இடமும் நம் குளுவாங்.

செம்பனை மரம் ஒன்றிலேயே ஆண்பூங்குலையும் பெண்பூங்குலையும் தோன்றும். ஆனால் ஒரே காலத்தில் தோன்றுவதில்லை. ஆகவே மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குச் சென்றாக வேண்டும். மலாயாவின் தோட்டங்களில், குறிப்பாக இளமரங்களில், இது சரிவர நடக்கவில்லை. காற்றே அப்பணியைச் செய்வதாக வல்லுநர் நெடுங்காலம் நம்பினர். காற்று போதாத குறையை மனிதக் கை நிறைவு செய்தது. ஆண்பூங்குலைகளை வெட்டி உலர்த்தி, உதிரும் தூளைச் சலித்து, முகமாவோடு கலந்து, மலர்ந்த பெண்பூக்களின்மீது ஊதினர். மரம் மரமாகச் சென்று, முள் கிழிக்கும் மட்டைகளை விலக்கி, பூ மலர்ந்த பருவம் பார்த்து ஊத வேண்டும். என் மாணவன் ஒருவனின் பாட்டி இளமையில் இவ்வேலை செய்தவர். "நாங்க ஊதலேன்னா காய் பிடிக்காது வாத்தியாரே, மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வெச்சதே நாங்கதான்" என்று கூறிச் சிரித்தார். ஒரு கையில் இன்னும் முள் தைத்த தழும்பு இருக்கிறது.

கேமரூனிலும் மலேசியாவிலும் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட அதிகாரிக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஆப்பிரிக்காவில் எவரும் ஊதாமலே குலை நிறையக் காய்க்கிறதே, எப்படி? பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் கேமரூன் சென்று ஆராய்ந்தார். ஒரு சிறு கூன்வண்டு ஆண்பூவில் முட்டையிட்டு அங்கேயே வளர்கிறது. சோம்பு மணத்தை நாடிப் பெண்பூவுக்கும் செல்கிறது. செல்லும்போது உடலில் மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது என்று கண்டறிந்தார். பிற பயிர்களுக்குக் கேடு செய்யாது எனச் சோதித்த பின்னர் அவ்வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் குளுவாங்கின் மாமோர் தோட்டத்தில் அது முதலில் விடப்பட்டது. சில திங்களில் அது பெருகிப் பரவியது. பாட்டியின் வேலை முடிவுக்கு வந்தது.

ஆப்பிரிக்காவிலிருந்து செம்பனையைக் கொண்டுவந்தவர்கள் அதன் துணையைக் கொண்டுவர மறந்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் விமானத்தில் ஏற்றி அழைத்து வந்தார்கள். மரம் தழைத்து நிற்பது வேறு, மரம் தன் இனத்தைப் பெருக்குவது வேறு. முன்னதற்கு மண்ணும் மழையும் போதும். பின்னதற்குத் துணை வேண்டும்.

காட்டுப் பனைகளுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். அவை எங்கும் பெயர்ந்து செல்லவில்லை. நின்ற இடத்தில் நிற்க, துணைகள் விலகிப் போயின.

பிரம்பை எடுத்துக்கொள்வோம். பிரம்பு இனங்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் ஆண்கொடி தனி, பெண்கொடி தனி. பெருங்காட்டில் இதனால் இடர் இல்லை. ஆனால் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய ஐந்து ஏக்கர் காட்டில் நான்கு கொடிகள்தாம் உள்ளன என்றால், நான்கும் ஒரே பாலாக அமைந்துவிடும் வாய்ப்பு உண்டு. கொடி நூறாண்டு உயரமாய்ப் படர்ந்தாலும் பயன் என்ன? மானாவ் என்னும் விலையுயர்ந்த பெரும்பிரம்புக்கு இன்னொரு குறையும் சேர்கிறது. அது ஒற்றைத் தண்டாய் வளர்வது. வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. காட்டுத் துண்டுக்குச் சாலை வழி எளிதாக, வெட்டுவோருக்கும் வழி எளிதாயிற்று.

அடுத்தது விதை. பிரம்பின் பழம் பாம்புச் செதில் போன்ற ஓடு மூடியது. உள்ளே விதையைச் சுற்றிப் புளிப்பும் இனிப்புமான சதை. இருவாய்ச்சிப் பறவைகளும் குரங்குகளும் மரநாய்களும் அதனை உண்டு, விதையைத் தொலைவில் எச்சமிட்டோ துப்பியோ செல்கின்றன. இருவாய்ச்சிக்குக் கூடு கட்டப் பெருமரத்தின் பொந்து வேண்டும். நாள்தோறும் பழம் தேடிப் பெரும்பரப்பில் பறக்கவும் வேண்டும். சிறு காட்டுத் துண்டு அதற்குப் போதாது. பறவை போய்விட்ட பிறகு பழம் தாய்மரத்தின் காலடியிலேயே விழும். அங்கே நிழலும் நெருக்கமும், விதை தின்னும் எலியும் வண்டும்.

மூன்றாவது வெளிச்சம். டாவுன் பாயோங் என்று மலாய்க்காரர் அழைக்கும் குடையிலைப் பனை ஜொகூர்க் காடுகளில் உண்டு. தண்டு தரைக்கு மேல் தெரியாது. மண்ணிலிருந்தே இரு ஆள் உயரத்துக்கு இலைகள் எழும். ஒவ்வோர் இலையும் பிளவுபடாத வைர வடிவம். பூர்வகுடியினர் கூரை வேய்வதற்கு அதனைப் பயன்படுத்துவர். அடர்காட்டின் ஆழ்ந்த நிழலுக்கே பழகிய இனம் அது. அருகில் மரங்கள் வெட்டப்பட்டு வெயில் விழுந்தால் இலை கருகும். துண்டாடப்பட்ட காட்டில் விளிம்பு மிகுதி, நடு குறைவு. விளிம்பில் காற்றும் வெப்பமும் பக்கவாட்டிலிருந்து உட்புகும். பத்து ஏக்கர் துண்டின் பெரும்பகுதியே விளிம்புதான். வரைபடத்தில் அது காடு; குடையிலைப் பனைக்கு அது வெட்டவெளி.

எல்லாப் பனைகளும் தோற்றுவிடுகின்றன என்று எண்ணிவிட வேண்டா. பெர்த்தாம் என்னும் தண்டற்ற முட்பனை, மரம் வெட்டப்பட்டு வெளிச்சம் விழுந்த காடுகளில் புதர் புதராய்ப் பெருகி மற்றக் கன்றுகளை நெருக்கிவிடும். இதன் பூவில் ஊறும் தேன் தானே புளித்துக் கள்ளாகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வின்படி அதில் 3.8 விழுக்காடு வரை சாராயம் இருந்தது. இறகுவால் மர மூஞ்சூறு என்னும் சிற்றுயிர் இரவுதோறும் வந்து அதனைப் பருகி, மகரந்தத்தைச் சுமந்து செல்கிறது; போதை ஏறிய அறிகுறியே இல்லையாம்! நம் தோட்டத்துக் கள்ளுக்கடைகளைக் கண்டவர்கள் இதனை நம்ப மறுப்பர். பெர்த்தாம் தன் துணைக்குக் கூலியைக் கள்ளாகவே கொடுத்துவிடுகிறது போலும்.

ஆகவே துண்டாடப்பட்ட காட்டில் பனைகள் ஒழிந்துவிடவில்லை; எந்தப் பனைகள் என்பது மாறிவிடுகிறது. பிரேசிலில் இதைவிட வியப்பான ஒன்றைக் கண்டார்கள். காப்பிக்காகவும் கரும்புக்காகவும் அட்லாண்டிக் கரைக்காடு 19ஆம் நூற்றாண்டு முதல் கூறு போடப்பட்டது. அங்குள்ள ஜுசாரா என்னும் பனையின் விதைகளை 22 இடங்களில் அளந்து, மவுரோ கலெத்தி குழுவினர் 2013இல் வெளியிட்டனர். தூக்கான் போன்ற பெரிய அலகுடைய பறவைகள் மறைந்துவிட்ட காடுகளில் பனை விதைகள் சிறுத்துவிட்டன. எஞ்சியிருந்த சிறு பறவைகளால் பெரிய விதையை விழுங்க இயலவில்லை. சிறு விதை கொண்ட மரங்களே சந்ததி பெற்றன. சில தலைமுறைகளுக்குள் மரத்தின் இயல்பே மாறிற்று. சிறிய விதை எளிதில் உலர்ந்து போகும் என்பதால் வறட்சிக் காலத்தில் அதற்கு ஆபத்து மிகுதி.

நம் நாட்டிலும் நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் ஓர் ஆய்வு நடந்தது. அக்காட்டைப் பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்துள்ளன. உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழத்தைத் தின்று காட்டுப்பன்றிகள் பெருகின. குட்டி ஈனும் முன் அவை காட்டுக்குள் சென்று, இளமரக் கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் படுக்கை அமைக்கின்றன. ஒரு படுக்கைக்குச் சராசரியாக 250க்கும் மேற்பட்ட கன்றுகள் செலவாகின்றன. காட்டுக்குள் ஒரு மரமும் வெட்டப்படாத நிலையிலும், வேலிக்கு வெளியே விளையும் பழம் உள்ளேயுள்ள கன்றுகளைத் தீர்த்துவிடுகிறது.

பனை நீண்ட ஆயுள் உடையது. எனவே கேடு உடனே கண்ணுக்குப் புலப்படாது. முதிர்ந்த மரங்கள் நிற்கும், பூக்கும், சில வேளை காய்க்கவும் செய்யும். கீழே கன்று இராது. அறிஞர் இதனை 'அழிவுக்கடன்' என்பர். வாங்கிய நாளிலேயே தெரிவதில்லை, தவணை வரும்போதுதான் தெரியும். கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இது வேறொன்றையும் நினைவூட்டிற்று. 150க்குக் குறைவான பிள்ளைகள் பயிலும் பள்ளியைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் அவை ஏராளம். தோட்டம் துண்டாடப்பட்டு, பின் செம்பனைக்கு மாறி, வேலையாள் தேவை குறைந்து, குடும்பங்கள் நகருக்குப் பெயர்ந்தன. பள்ளிக் கட்டடம் நிற்கிறது, தலைமையாசிரியர் இருக்கிறார், மணியும் அடிக்கிறது. முதலாம் ஆண்டில் இரண்டு பிள்ளைகள். வெளியிலிருந்து பார்ப்பவர் பள்ளி இருக்கிறதே என்பார். பனையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவன் இவ்விடத்தில் நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தேன்.

நல்ல வேளையாக, காஹாங்கின் வடக்கே பெருங்காடு ஒன்று எஞ்சியுள்ளது. அது எஞ்சியதே ஒரு போராட்டத்தின் பயன். எண்டாவ் – ரொம்பின் காட்டைத் தேசியப் பூங்காவாக்கும் முன்மொழிவு மூன்றாம் மலேசியத் திட்டத்தில் இருந்தபோதே, 1977இல் அதன் நடுப்பகுதியில் மரம் வெட்டப் பகாங் மாநில அரசு அனுமதி அளித்தது. பொதுமக்களும் இயற்கை அமைப்புகளும் நாளிதழ்கள் வாயிலாக எழுப்பிய எதிர்ப்பால் அது மறு ஆண்டு நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் காட்டுக்காக மக்கள் திரண்டு குரல் கொடுத்த முதன்மையான நிகழ்வுகளுள் அது ஒன்று. பின்னர் மலாயா இயற்கைக் கழகம் 1985 ஜூன் முதல் ஓராண்டுக் காலம் அறிவியலாளரையும் பொதுமக்களையும் அக்காட்டுக்குள் அழைத்துச் சென்று ஆய்வு நடத்தியது. ஜொகூர்ப் பகுதி, ஏறத்தாழ 49,000 ஹெக்டர், 1993இல் பூங்காவாக அரசிதழில் வெளியிடப்பட்டது.

அவ்வாய்வின் காலத்து அறுவடைகளுள் ஒன்று ஒரு புதிய பனை! விசிறி இலைகளைக் கொண்ட இதற்கு லிவிஸ்தோனா எண்டாவென்சிஸ் என்று எண்டாவின் பெயரையே சூட்டி, டிரான்ஸ்ஃபீல்டும் மலேசியத் தாவரவியலாளர் வோங் கூன் மெங்கும் 1987இல் வெளியிட்டனர். நூறாண்டுகளாக ஆங்கிலேயர் தாவரம் திரட்டிய நாட்டில், ஒரு மலையுச்சியையே நிறைத்து நின்ற மரம் அதுவரை பெயரின்றி இருந்திருக்கிறது. 1977இல் கோடரி வென்றிருந்தால் நிலைமை எப்படியாகியிருக்கும் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

பள்ளி விடுமுறையொன்றில் சக ஆசிரியர் சிலரோடு அம்மரத்தைக் காணச் சென்றேன். காஹாங்கிலிருந்து ஜக்குன் மக்களின் கம்போங் பெத்தாவுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. நான்கு சக்கர இயக்க வாகனம் வேண்டும். முதலில் நெடுந்தூரம் செம்பனை, செம்பனை, செம்பனை. பிறகுதான் காடு. கம்போங் பெத்தாவில் வழிகாட்டியோடு படகேறிச் சென்று, ஜானிங் பாராட் மலையில் ஏறினோம். ஏற்றம் கடினம், ஐம்பதைத் தொட்டவனுக்கு இன்னும் கடினம். மேலே மணற்பாறைச் சமநிலம். மண்ணில் சத்தில்லை. அவ்விடத்தில் திடீரென்று மற்ற மரங்கள் விலக, விசிறிப் பனைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. தமிழன் எவனுக்கும் அக்காட்சி நெஞ்சைத் தொடும். இராமநாதபுரத்துப் பனங்காட்டை மழையில் நனைத்து மலைமேல் வைத்ததுபோல் இருந்தது. நான் மேலே பார்த்தவாறு நிற்க, வழிகாட்டி என் காலைச் சுட்டிக் காட்டினார். நான் மிதித்துக் கொண்டிருந்தது ஒரு பனங்கன்று. சுற்றிலும் விரலளவும் முழ அளவுமாகக் கன்றுகள்.

ஊர் திரும்பிய பின் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை, பெற்றோர் அனுமதியோடு, தோட்டத்தோரமாக ஓடைக்கரையில் எஞ்சிய சிறு காட்டுத் துண்டுக்கு அழைத்துச் சென்றேன். பனைக் குடும்பத்துக் கன்று எது கண்டாலும் எனக்குக் காட்ட வேண்டும் என்று கூறியிருந்தேன். உள்ளே ஒரு கூந்தற்பனை நின்றது. பிரம்பு ஒன்று மரமேறிப் போயிருந்தது. பிள்ளைகள் உற்சாகமாகத் தேடினர். அரை மணி நேரத்தில் பதினேழு கன்றுகளைக் கண்டுபிடித்தனர். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினேழும் செம்பனை. எலியோ அணிலோ பறவையோ தோட்டத்துப் பழத்தைக் கொணர்ந்து போட்டிருக்க வேண்டும். கட்டுரை எழுதிய அம்மாணவன் என் முகத்தைப் பார்த்து, "தப்பாய்க் கொண்டு வந்துட்டோமா ஐயா?" என்று கேட்டான். "இல்லை தம்பி, சரியாகத்தான் கண்டுபிடித்தாய்" என்றேன்.

இவ்வகைத் துண்டுகளை மீண்டும் இணைக்கும் எண்ணம் அரசிடம் இல்லாமலில்லை. தீபகற்பத்தின் காடுகளைத் தண்டுவடம்போல் தொடுக்கும் 'மத்தியக் காட்டு முதுகெலும்பு'ப் பெருந்திட்டம் 2010ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்டது. நான்கு பெருங்காட்டுத் தொகுதிகள், அவற்றை இணைக்க 37 இணைப்புகள். நான்கனுள் ஒன்று எண்டாவ் – ரொம்பின் பூங்காவும் குளுவாங் வனவிலங்குக் காப்பகமும் சேர்ந்த தொகுதி. அதாவது நம் ஊரைச் சூழ்ந்த காடு. திட்டத் தாளில் யானையும் புலியும் முன்னிற்கின்றன. எண்டாவ் – ரொம்பினில் ஒரு காலத்தில் உலவிய சுமத்திரா காண்டாமிருகம் 2015இல் மலேசியக் காடுகளிலிருந்து மறைந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பின் அந்த அவசரம் புரிந்துகொள்ளத்தக்கது. விலங்கு நடக்கும் பாதையில்தான் விதையும் நடக்கும். ஆனால் நிலம் மாநிலங்களின் அதிகாரத்திற்கு உட்பட்டது. இணைப்புக்குரிய இடங்களில் தோட்டங்களும் சாலைகளும் ஏற்கெனவே உள்ளன. காஹாங் வட்டாரத்தில் யானை புகுந்து செம்பனைக் குருத்தைத் தின்றுவிட்டது என்று சிறுதோட்டக்காரர் முறையிடும்போது, அவர்தம் இழப்பையும் நாம் சிறிதெனக் கொள்ள முடியாது. யானைக்கும் பனைக்குருத்துதான் பிடிக்கிறது. எந்தப் பனை என்று அது பார்ப்பதில்லை.

மாணவனின் கட்டுரைக்கு வருகிறேன். சிவப்புக் கோட்டை அழித்துவிட்டு, ஓரத்தில் 'எந்தப் பனை?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் அவன் அவ்வாக்கியத்தைத் திருத்தவில்லை. அதன் கீழே ஜானிங் மலைப் பனையைப் பற்றி நான்கு வரி சேர்த்திருந்தான். எழுத்துப்பிழை இரண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1981க்கு முன் குளுவாங், காஹாங், மெர்சிங் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மாவு ஊதிய அனுபவமுடைய பெரியோர் உங்கள் வீட்டில் இருப்பின், அவர்கள் பயன்படுத்திய கருவி, பெற்ற நாட்கூலி, அவ்வேலைக்கு வழங்கிய பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். பாட்டி ஒருவர் சொன்னதை மட்டும் இப்போதைக்கு என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.